படத்தின் முதுகுப் பக்கம்

பிரேம் கடைக்கு ஒரு படம் வந்தால், தொழில் தெரிந்தவர் முதலில் அதைப் புரட்டித்தான் பார்ப்பார். கொண்டுவந்தவர் முன்பக்கத்தை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார். பின்பக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துருவேறிய ஆணி கடற்கரைக் காற்றைச் சொல்லும். கீழ் விளிம்பிலிருந்து மேலே ஏறிய பழுப்புக் கறை, படம் மாட்டியிருந்தது மழை இறங்கும் சுவர் என்று சொல்லும். பலகைக்குப் பதிலாக ஒட்டிய செய்தித்தாளில் தேதி கிடைத்தால் பிரேம் எந்தக் காலத்தில் போட்டது என்பதும் தெரிந்துவிடும். வீட்டிலோ கடையிலோ மாட்டப் படம் தேடுகிறவர்களும் இப்படிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் ஏமாற்றம் பாதி குறையும்.

அசலா, அச்சா என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கையால் வரைந்த கேன்வாஸின் முதுகில் நெசவு தெரியும், மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்த ஆணிகள் தெரியும், விளிம்பில் தூரிகை வழிந்த வண்ணம் இருக்கும். டிஜிட்டலில் அச்சான கேன்வாஸில் படம் கத்தரித்தது போல மடிப்பில் முடியும், அல்லது மடிப்பைச் சுற்றியும் அதே சீராக ஓடும். காகிதப் படமென்றால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், ஆஃப்செட் அச்சில் நான்கு மைகளின் புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்களாக வரிசை கட்டி நிற்கும். இங்க்ஜெட்டில் தூவிவிட்டது போன்ற பொடிப் புள்ளிகள். பழைய கல்லச்சில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் சிந்தியதுபோல் கிடக்கும். கையால் தீட்டியதில் புள்ளியே இராது; ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று ஏறி நிற்கும்.

இந்த லென்ஸ் அதிகம் பயன்படுவது ரவிவர்மா படங்களுக்கு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கத்தில் மளவ்லிக்குப் போனது. சில ஆண்டுகளில் ஷ்லைச்சர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரின் கைக்கு மாறியது. 1972-இல் தீவிபத்தில் அழிந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லென்று பல கற்களில் அச்சடித்து, எண்ணெய் ஓவியம் போல் மினுங்க வார்னிஷ் பூசிய அந்த லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் வரிசையாக நிற்கிறார்கள். சிலவற்றில் சேலைக்கு ஜரிகையும் நகைக்கு ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். இவற்றின் நகல்கள் இன்று ஆஃப்செட்டிலும் இங்க்ஜெட்டிலும் வண்டி வண்டியாக வருகின்றன. பூ வடிவப் புள்ளி தெரிந்தால் அது பழைய கல்லச்சு இல்லை; விவாதமே வேண்டாம். பழையதாகவே இருந்தாலும், அது ரவிவர்மா வரைந்தது என்பதற்கு அச்சகத்தின் பெயர் மட்டும் சான்றாகாது. கைமாறிய பிறகு வேறு ஓவியர்களின் படங்களும் அதே பெயரில் வெளிவந்தன. படத்தின் கீழே வெள்ளை ஓரத்தில் இருக்கும் தலைப்பும் அச்சகப் பெயரும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் நடந்த பெரிய தவறு. வெட்டியதை ஒட்ட முடியாது. பிரேமைத்தான் பெரிதாக்க வேண்டும்.

ரவிவர்மாவுக்கு அடுத்த தலைமுறை கோவில்பட்டியில் உருவானது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியபடி அந்த ஊருக்கு வந்து தங்கிய கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாகத் தமிழ்நாட்டு வீடெங்கும் போனார்கள். ஆண்டு முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் பிரேம் போட்டுப் பூஜையில் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. காலண்டர்தானே என்று அவற்றை ஒதுக்குவது சரியல்ல. ஒரு வீட்டின் மூன்று தலைமுறை கையெடுத்துக் கும்பிட்ட முகம் அது. அதற்குச் செய்யும் வேலை ஓவியத்துக்குச் செய்யும் வேலைக்கு ஒரு படி குறையக் கூடாது. அதன் பலவீனம் மை. வெயில் படும் டீக்கடைச் சுவரில் பழைய சாமி படமும் சினிமாப் படமும் நீலம் பாரித்துப் போயிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மஞ்சளும் சிவப்பும் வெளிச்சத்தில் முதலில் போய்விடும். நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். அந்த நிலைக்கு வந்த படத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. நிறம் இருக்கும்போதே நல்ல ஸ்கேன் எடுத்து வைத்து, அசலை வெளிச்சம் குறைந்த சுவருக்கு மாற்ற வேண்டும்.

தஞ்சாவூர்ப் படம் வேறு சாதி. பலா மரப்பலகையில் (இப்போது பெரும்பாலும் பிளைவுட்) துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மக்கால் நகையும் தூணும் புடைப்பாக எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து முடிப்பது. வாங்கும்போது கேட்க வேண்டியது ரேக்கு அசலா என்பதை. அசல் தங்கம் கறுக்காது; போலி ரேக்கு சில ஆண்டுகளில் பச்சையோ கறுப்போ ஏறிவிடும். இந்தப் படத்தின் எடையும் அதிகம். ஒற்றை ஆணியில் ஒருநாளும் மாட்டக் கூடாது.

அசல் ஓவியம் என்றதும் பலர் விலைக்குப் பயந்து பின்வாங்குகிறார்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியும் ஆண்டுதோறும் இளம் ஓவியர்களை வெளியே அனுப்புகின்றன. மாணவர் கண்காட்சியில் ஒரு நல்ல கோட்டோவியம், ஹோட்டல் அறைகளுக்கென்று விற்கும் பெரிய கேன்வாஸ் அச்சைவிடக் குறைந்த விலைக்கே கிடைப்பதுண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் காலாற நடந்து போய் வந்தாலே கண் பழகிவிடும். அங்கிருந்த ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு படம் வரைந்தவர்கள். நல்ல கலையை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் தர முடியும் என்று காட்டியவர்கள்.

அசலுக்கும் நகலுக்கும் இடையில் நிற்பது ஓவியரே செய்யும் பதிப்பு அச்சு. தகட்டிலோ மரத்திலோ லினோலியத்திலோ ஓவியரே செதுக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் எடுத்து, கீழே பென்சிலில் 7/25 என்பதுபோல் எண்ணிட்டுக் கையெழுத்திடுவது. இருபத்தைந்து பிரதிகளில் ஏழாவது என்று பொருள். உலோகத் தகட்டில் எடுத்ததென்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். இது நகல் அல்ல, ஒவ்வொன்றும் அசலே. வீட்டுக்கு முதல் கலைப்படைப்பு வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கணினி அச்சு வாங்குவதானால் கேட்க வேண்டியவை இரண்டு: மை நிறமி மையா, காகிதம் பருத்திக் காகிதமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பல பத்தாண்டு தாங்கும். சாதாரணச் சாய மையில் அச்சிட்டது ஜன்னலோரத்தில் இரண்டு மூன்று கோடைக்கு மேல் நிற்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கடைக்காரர் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சோபா நிறத்துக்குப் பொருத்தமாகப் படம் கேட்டு வருகிறவர்கள் நிறைய. சோபா ஏழெட்டு வருடத்தில் மாறும், படம் இருக்கும். ஆகையால் படத்தைப் பிடித்து வாங்கிவிட்டு, பொருத்தத்தைப் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் நிறத்திலும் பிரேமின் மரத்திலும் கொண்டுவருவதே நல்லது. அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஆறடி சோபாவுக்கு மேல் ஒன்றரை அடிப் படம் தபால்தலை ஒட்டியதுபோல் இருக்கும். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு படமோ, சேர்த்து மாட்டிய படங்களோ நிறைத்தால் கண் நிறையும். வாங்குமுன் செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார்க்கச் சொல்வது பட்டறையில் வழக்கம். அப்படி ஒட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் பெரிய அளவு கேட்டு வருவார்கள்.

சமையலறைச் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் காகிதப் படங்களுக்கு ஆகாது. படுக்கையறையில் வீட்டாரின் மனத்துக்கு நெருக்கமானதை வைக்கலாம். முன்னோர் படம் எந்தத் திசையில் என்று கேட்பவர்கள் உண்டு. தெற்குச் சுவர் என்பது பலர் வீட்டு வழக்கம். குடும்பத்தில் பெரியவர்கள் சொல்வதே அங்கே முடிவு. திசை எதுவானாலும், மாலை போடும் படத்துக்கு ஒரு வேலை கட்டாயம். மாலையைப் பிரேமிலேயே தொங்கவிட்டால் ஈரம் மேல் மூட்டில் இறங்கி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வடியும். பிரேமுக்கு இரண்டு பக்கமும் சுவரிலேயே தனியாக இரண்டு கொக்கி அடித்து, மாலை படத்தைத் தொடாமல் முன்னால் தொங்கும்படி செய்துவிட வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் கெட்ட படங்களை எண்ணி முடியாது.

பிரேமில் கண்ணுக்குப் படுவது மரம். படத்தைக் காப்பாற்றுவது கண்ணாடிக்கு உள்ளே இருப்பவை. மவுண்ட் என்பது அழகுக்கு மட்டும் அல்ல. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விடுவதுதான் அதன் முதல் வேலை. மலிவு மவுண்டில் அமிலம் உண்டு. பத்து வருடம் கழித்துத் திறந்தால் வெட்டிய விளிம்பு பழுத்து, படத்தின் மேல் சதுரமாக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டும் அப்படித்தான். அசலுக்கும் பழைய படத்துக்கும் அமிலமில்லாத போர்டு போட வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் ஒருமுறைச் செலவு. படத்தை முழுவதுமாகப் பசை தடவி ஒட்டுவது பெருந்தவறு. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகிதப் பட்டையால், தண்ணீரில் கரையும் மாவுப் பசை வைத்துத் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் காகிதம் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். புத்தகம் தைப்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அட்டைக்கு அது சரி. ஓவியத்தில் படக் கூடாது. லேமினேஷன் சினிமாப் போஸ்டருக்குச் செய்யலாம். அசலுக்குச் செய்தால் அந்த நிமிடமே அதன் ஆயுள் முடிந்தது. முதுகை மூடிக் காகிதப் பட்டை ஒட்டி முடித்தால் ராமபாணப் பூச்சிக்கு வழியில்லாமல் போகும்.

மவுண்ட் இல்லாததன் விலையை ஒரு மார்கழி நாளில் கண்ணால் பார்க்க நேர்ந்தது. எழுபது வயது அம்மா ஒருவர் துணியில் சுற்றி ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடியில் நேரடியாக ஒட்டிப் பிரேம் போட்டிருந்தார்கள். வேறொரு கடையில் கண்ணாடி மாற்றுவதற்காக இழுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தோளும் மாலையும் கண்ணாடியோடு போய்விட்டன. முகம் மட்டும் மிச்சம். “தம்பி, அவர் முகம் போகாம பாத்துக்கப்பா” என்றார். “இனி யார் கையையும் வைக்க விடாதீங்கம்மா. கண்ணாடியோடவே இருக்கட்டும்” என்று சொல்லி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்து, அதைத் திருத்தி அச்சிட்டு வேறு பிரேம் போட்டுத் தரப்பட்டது. பழையது அப்படியே ஒரு பெட்டியில் போனது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். காய்ந்த பிறகு அது கண்ணாடியின் சொத்து, இழுக்கவே கூடாது.

மாட்டும் வேலை சுவரைத் தட்டிப் பார்ப்பதில் தொடங்குகிறது. செங்கல் சுவரில் ஆறு மில்லி துளையும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் போதும். கான்கிரீட் தூணில் ஆணி வளையும், டிரில்தான். எடை குறைந்த பிளாக்குகளால் கட்டிய புது அடுக்ககங்களில் சாதாரணப் பிளக் நாளடைவில் கழன்றுவிடும். அதற்கென்றே உள்ள நீளப் பிளக் வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது. உள்ளே ஒயர் ஓடும். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரில் புதிதாக ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது. மேலே ஓடும் மரப்பட்டியிலிருந்து கம்பியில் தொங்கவிடுவதே அந்தச் சுவருக்குக் காட்டும் மரியாதை. கடலோர ஊர்களில் எவர்சில்வர் அல்லது பித்தளைக் கொக்கி.

உயரம்: படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் என்பது அருங்காட்சியகங்களில் வழங்கும் கணக்கு. நிற்பவரின் கண்ணளவு அது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதிகம், ஆகவே கூடத்தில் சில அங்குலம் தாழ்த்தலாம். சோபாவின் முதுகுக்கும் பிரேமுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டால் போதும். பழைய வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே உயரமாக, முன்னால் சாய்த்து மாட்டியதற்குக் காரணம் இருந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்கும் கோணம் ஒன்று. முற்றத்து வெளிச்சம் கண்ணாடியில் பளிச்சிடாமல் இருப்பது இன்னொன்று. பின்னால் வளையத்தை எவ்வளவு கீழே இறக்குகிறோமோ அவ்வளவு படம் முன்னால் சாயும். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே காற்று ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஈரம் குடிக்கும் சென்னையில் இந்த இரண்டு பொட்டுகள்தான் பூஞ்சணத்துக்கும் படத்துக்கும் நடுவே நிற்கும் காவல்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியக அளவு. வீட்டில் அதைப் பிடிக்க முடியாது. நேர் வெயில் படாமல் பார்த்தால் போதும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் மிக மோசமான இடம். விளக்கு வைப்பதானால் நிறத்தை உண்மையாகக் காட்டும் நல்ல எல்.இ.டி., கூரையிலிருந்து முப்பது டிகிரி சாய்வில்.

வியாபார இடங்களில் கணக்கு மாறுகிறது. உணவகத்தில் எண்ணெய்ப் புகை மெல்லப் படியும். திறந்த கேன்வாஸ் அதைக் குடித்துவிடும், துடைக்க முடியாது. அங்கே கண்ணாடி போட்ட அச்சுகளே சரி. நாற்காலி வரிசைக்கு மேலே மாட்டினால் தலை எண்ணெய்க் கறை பிரேமுக்கு எட்டாத உயரம் வேண்டும். மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்குப் படம் தேர்வதில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் எழுதினார். அது ஜன்னலைப் பற்றிய ஆய்வு. ஆனாலும் குளம், வயல், மரம், தெரிந்த கோவில் வீதி என்று கண் போய்த் தங்கும் படங்களுக்கு முன்னால் மனிதர்கள் அமைதியாக உட்கார்வதைத் தினமும் பார்க்கலாம். கவலையோடு இருப்பவருக்குக் குழப்பமான படம் கவலையைக் கூட்டும். அலுவலகத்தில் வரவேற்பறையில் ஒரே ஒரு நல்ல அசல், நடைபாதைகளில் ஒரே பிரேமில் வரிசையாகப் பதிப்பு அச்சுகள் என்று பிரித்தால் செலவும் அடங்கும், இடத்துக்கும் ஒரு முகம் வரும். ஆட்கள் நடமாடும் இடத்தில் ஒற்றைக் கம்பியில் தொங்கும் படம் வாரம் ஒருமுறை சாயும். இரண்டு இடத்தில் பூட்டும் கொக்கி வேண்டும்.

வியாபார இடங்களில் நடக்கும் பெரிய அநியாயம் வேறு. இணையத்தில் கிடைத்த ஓவியத்தை இறக்கி, ஆளுயரத்துக்கு அச்சடித்து, ஓவியர் பெயரும் இல்லாமல் மாட்டிவிடுகிறார்கள். கிராமத்துப் பெண்களை உயிரோடு நிற்பதுபோல் தீட்டிய ஓவியர் இளையராஜா 2021-இல் கொரோனாவில் மறைந்தார்; அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமை 2081 முடியும்வரை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்குப் பிறகு அறுபது ஆண்டு. கொண்டையராஜு 1976-இல் காலமானார். அந்தக் கணக்கு 2036 வரை போகிறது. ரவிவர்மா 1906-இல் மறைந்தவர். அவர் படங்களை யாரும் அச்சிடலாம். அசலை விலைக்கு வாங்கினாலும் அதை நகலெடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு படத்துக்கு ஓவியர் கேட்கும் தொகை பெரும்பாலும் அந்தச் சுவரின் பெயின்ட் செலவுக்குள் அடங்கும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பழைய படத்தைக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். நூறு ஆண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ரவிவர்மா கையால் வரைந்த ஓவியம் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் அதற்கும் அதே தடை.

பராமரிப்புக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. போகிக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாப் படமும் கீழே இறங்கும். மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். ஈரமும் கறையானும் செய்த வேலை தெரியும் நேரம் அது. கண்ணாடியில் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். தெளித்த நீர் கீழ் விளிம்பில் இறங்கி மவுண்டை நனைக்கும். தஞ்சாவூர்ப் படத்தின் கண்ணாடியைக் காய்ந்த துணியாலேயே துடைக்கலாம். பிறகு படத்தைப் புரட்டிக் கொக்கி, கம்பி, துரு, துளை பார்க்க வேண்டும். முதுகில் ஒட்டிய காகிதத்தில் பென்சிலால் எழுதி வைக்க வேண்டியவை: வரைந்தவர் பெயர், ஆண்டு, எதில் வரைந்தது, எங்கே வாங்கியது, அச்சானால் எத்தனையாவது பிரதி, பிரேம் போட்ட தேதி, படத்தில் இருப்பவர்கள் யார் யார்.